ஜாக்கெட் தைத்துக் கொடுத்து லோகோ வாங்கலாமா?

என் தையல் கடை திறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, பழைய டைரி ஒன்றின் கடைசிப் பக்கத்தில் ஐந்து வேலைகளை எழுதி, கேட்டு வந்த விலையை எதிரில் குறித்தேன். லோகோ, விசிட்டிங் கார்டு, போர்டுக்கான டிசைன்: 8,000. ஆரி எம்பிராய்டரி போட்ட ஜாக்கெட்டுகளைப் பளிச்சென்று படம் எடுத்துத் தர போட்டோகிராஃபர்: 12,000. கடை வாடகை ஒப்பந்தத்தைப் படித்துத் திருத்தித் தர வக்கீல்: 3,000. கணக்கு எழுத ஆடிட்டர் ஆபீஸ்: மாதம் 1,000, ஆண்டுக்கு 12,000. வயரிங், லைட் வேலை: 5,000. கூட்டினால் 40,000. தையல் மெஷின், ஓவர்லாக், ஆரி ஸ்டாண்ட், கடை அட்வான்ஸ் எல்லாம் போக என் கையில் மிச்சம் இருந்தது 11,000 ரூபாய்.

பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள். "காசு எதுக்கு? அவங்க வீட்டுல பொம்பளைங்க இல்லியா? ஜாக்கெட் தச்சுக் குடுத்துடு." கேட்க நன்றாகத்தான் இருந்தது. வேலைக்கு வேலை. பணம் வெளியே போகாது, என் தையலும் நாலு வீட்டுக்குப் போய்ச் சேரும். செய்தும் பார்த்தேன். ஒன்று நன்றாக முடிந்தது. இன்னொன்றை இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. மூன்றாவதை நான் தொடங்கவே இல்லை, நான் எடுத்ததிலேயே உருப்படியான முடிவு அதுதான். ஈரோட்டில் என்னிடம் ஆரி கற்றுக்கொண்டு தனியாகக் கடை போடும் பெண்கள் இப்போது அதே கேள்வியோடு வருகிறார்கள். அவர்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

கையில் காசு குறைவாக இருக்கும்போது இப்படிப்பட்ட வேலைகளை வாங்க ஐந்து வழி உண்டு. முழுப் பணம் கொடுப்பது, தவணை சொல்வது, கடன் வாங்கிக் கொடுப்பது, லாபத்தில் பங்கு தருவது, வேலைக்கு வேலை மாற்றிக்கொள்வது. ஆறாவதாக ஒன்றும் இருக்கிறது, அந்த வேலையை நாமே செய்துகொள்வது. அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

சிறுதொழில் என்று அரசிடம் பதிந்துகொள்ளும் உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரசின் தளத்தில் நாமே செய்துகொள்ளலாம். ஜிஎஸ்டி பதிவுக்கும் அரசுக் கட்டணம் இல்லை. இந்த இரண்டையும் செய்து கொடுத்ததற்காக ஒருவருக்கு இரண்டு ஆரி ஜாக்கெட் தைத்துக் கொடுத்த பெண்ணை எனக்குத் தெரியும். இலவசமாகக் கிடைப்பதற்கு எட்டு நாள் உழைப்பு! அதனால் யாரிடமும் பேரம் பேசப் போவதற்கு முன்னால், இது காசு கொடுத்து வாங்க வேண்டிய வேலைதானா என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. அரசுக்குக் கட்டும் கட்டணத்தை எந்த ஜாக்கெட்டாலும் மாற்ற முடியாது. கடைப் பெயரை டிரேட்மார்க் பதிவு செய்ய, தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் இணையம் வழியாக ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு வகைப் பொருளுக்கோ சேவைக்கோ, 4,500 ரூபாய். விண்ணப்பம் எழுதித் தருபவருக்கு வேண்டுமானால் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கலாம், அந்த 4,500 பணமாகத்தான் போக வேண்டும். எல்லாவற்றையும் மாற்றிலேயே ஓட்டிவிடலாம் என்று கைக்காசை முழுக்கத் துணியில் முடக்கிவிடாதீர்கள்.

லாபத்தில் பங்கு என்பதையும் சீக்கிரம் தாண்டிவிடலாம். "இப்ப காசு வேண்டாங்க்கா, வர்ற லாபத்துல பத்து பர்சன்ட் குடுங்க" என்று ஒரு டிசைனர் தம்பி கேட்டார். அவர் செய்வது 8,000 ரூபாய் வேலை. கடை மாதம் 20,000 லாபம் பார்த்தால் அவருக்கு மாதம் 2,000, நாலு மாதத்தில் கணக்கு நேர். அப்புறம்? எத்தனை மாதத்துக்கு என்று அவரும் சொல்லவில்லை. லாபத்தில் பங்கு வாங்குவதாலேயே ஒருவர் கூட்டாளி ஆகிவிடுவதில்லை. ஆனால் நாளைக்கு மனத்தாங்கல் வந்தால் அதை வைத்தே "நானும் பார்ட்னர்" என்று பேச இடம் கிடைக்கும். வக்கீலிடமும் ஆடிட்டரிடமும் இந்தப் பேச்சை எடுக்கவே வேண்டாம். வழக்கின் முடிவை வைத்துக் கட்டணம் பேசுவதும், கிடைப்பதில் பங்கு கேட்பதும் வக்கீலுக்கு பார் கவுன்சில் விதிப்படி தடை. சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட், சில விதிவிலக்குகள் தவிர, லாபத்தில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் வாங்கினால் அது அவர்கள் தொழில் ஒழுங்குக்கு எதிரான குற்றம்.

சரி, மாற்றுக்கு வருவோம்.

ஆடியில் ஒரு கணக்கு, வைகாசியில் ஒரு கணக்கு

போட்டோகிராஃபருடைய தங்கைக்கு ஆவணியில் கல்யாணம். நிச்சயம், வரவேற்பு, முகூர்த்தம் என்று மூன்று ஆரி ஜாக்கெட் வேண்டும். அப்போது என் விலை ஒன்று 4,000. மூன்றும் சேர்ந்தால் 12,000, அவர் சொன்ன விலையும் 12,000. ஜாதகப் பொருத்தம் பார்த்த மாதிரி அமைந்தது. ஆனால் "காசுக்குப் பதிலா ஜாக்கெட்டா வாங்கிக்கிறீங்களா தம்பி?" என்று கேட்டதும், "அப்படின்னா 15,000 ஆகும்க்கா, ஆல்பமும் போட்டுத் தர்றேன்" என்றார். எனக்கு ஆல்பம் எதற்கு? இதை அவர் மேல் குறையாகச் சொல்லவில்லை. அதே நிமிடம் என் வாயிலும் 4,500 என்றுதான் வரப் பார்த்தது. கண்ணால் பார்க்காத காசுக்கு எல்லோரும் தாராளமாக விலை வைக்கிறோம். அன்றைக்கு ஒன்று பழகிக்கொண்டேன். முதலில் ரொக்க விலையைக் கேட்டு வாங்கிவிட வேண்டும், மாற்றுப் பேச்சை அதற்கு அப்புறம்தான் எடுக்க வேண்டும். முந்தைய நாள் சொன்ன 12,000 டைரியில் இருந்ததால் அவரும் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார்.

இப்போது என் பக்கத்துச் செலவைப் பாருங்கள். மணி, ஜர்தோசி, நூல், லைனிங் எல்லாம் சேர்த்து ஒரு ஜாக்கெட்டுக்கு 700 ரூபாய், மூன்றுக்கு 2,100. ஒன்றுக்கு நாலு நாள் என்று மொத்தம் பன்னிரண்டு நாள் வேலை. நடந்தது ஆடி மாதம். ஆடியில் கல்யாணம் கிடையாது, புதுக் கடைக்கு அளவு ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வருவார் யாரும் இல்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் சும்மா இருந்திருப்பேன். ஆக, 12,000 ரூபாய் வேலையை 2,100 ரூபாயில் முடித்துக்கொண்டேன் என்று தாராளமாகச் சொல்லலாம். அவருக்கும் ஆடியில் கேமரா உறையைவிட்டு வெளியே வராது. பெட்ரோலும் ஒரு நாள் உழைப்பும்தான் அவருடைய செலவு.

இதே மாற்றை வைகாசியில் வைத்திருந்தால்? ஸ்டாண்டில் துணி ஏறியபடியே இருக்கும் மாதம் அது. தங்கைக்குத் தைக்கும் பன்னிரண்டு நாளில் மூன்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பியிருப்பேன். அவர்கள் கொண்டுவந்திருக்கும் 12,000 போயிருக்கும். திரும்பிப் போனவர் அடுத்த கல்யாணத்துக்கும் வர மாட்டார் என்பது தனி. அதாவது ரொக்கம் கொடுத்ததற்கும் இதற்கும் ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை, அலைச்சல்தான் மிச்சம்.

மாற்றில் மிச்சமாகும் காசெல்லாம் நம்முடைய சும்மா இருக்கும் நேரத்திலிருந்து வருகிறது. அந்த நேரம் இல்லாதபோது மிச்சமும் இல்லை. ஆடி, புரட்டாசி, மார்கழியில் ஈ ஓட்டும் தொழில்கள் ஒன்றோடொன்று மாற்றிக்கொள்ளலாம். ஆரி, போட்டோ, மேக்கப், பந்தல் அலங்காரம் எல்லாம் அந்த வகை. ஆனால் மார்ச் கடைசியில் ஆடிட்டரிடமோ, தீபாவளிக்கு முந்தைய வாரம் பிரஸ்காரரிடமோ போய் மாற்றுப் பேசினால் அவர் முகத்தைப் பார்த்தே பதிலைத் தெரிந்துகொள்ளலாம்.

இதில் பொருள் விற்பவர்களுக்குக் கஷ்டம் கூடுதல். இட்லிப்பொடி விற்கும் தோழி ஒருத்தி இதே போட்டோகிராஃபரிடம் மாற்றுப் பேசலாமா என்று கேட்டாள். கிலோ 400 ரூபாய்ப் பொடியில் பருப்பு, எள், மிளகாய், பாக்கெட் என்று 250 ரூபாய் போய்விட்டால், 12,000 ரூபாய்க்குக் கொடுக்கும் பொடியில் 7,500 ரூபாய் ரொக்கம் கரைகிறது. ஆரிக்காரி 2,100 செலவழித்த இடத்தில் பொடிக்காரி 7,500 செலவழிக்க வேண்டும். அதோடு 12,000 ரூபாய்க்கு 30 கிலோ பொடி. எந்த வீட்டில் 30 கிலோ இட்லிப்பொடி சாப்பிடுவார்கள்? சுவிட்சர்லாந்தில் 1934இல் சிறுதொழில்காரர்கள் சேர்ந்து வீர் என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். ஒருவருக்குச் செய்த வேலைக்கு வரவாகும் கணக்கை, உறுப்பினராக உள்ள வேறு யாரிடமும் செலவழிக்கலாம். பொடிக்காரிக்கு அப்படி ஒன்று இருந்தால் சரிப்பட்டு வரும். இல்லாதவரை எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கே நம் சரக்கு வேண்டும், அதுவும் அந்த அளவுக்கு வேண்டும். அவளைத் தவணை பேசச் சொன்னேன்.

எழுதாத மொய்

எரிச்சல் தரும் கதை லோகோவுடையது. டிசைன் செய்தவர் தெரிந்த குடும்பம். விலை பேசவே கூச்சமாக இருந்தது. "நீங்க பார்த்துச் செய்யுங்கக்கா, நாங்க பார்த்துச் செய்யறோம்" என்றார்கள், நானும் தலையாட்டினேன். மூன்று வாரத்தில் லோகோ வந்தது, அழகாகவே இருந்தது. அவர் மனைவிக்கு இரண்டு ஆரி ஜாக்கெட் கொடுத்தேன். என் மனதில் அது 8,000, கணக்கு முடிந்துவிட்டது. அவர்கள் மனதில் முடியவில்லை போல. குழந்தைக்குப் பிறந்தநாள் பாவாடை, அத்தையின் பழைய ஜாக்கெட்டைப் பிரித்துத் தைப்பது, "ஒரே ஒரு ஃபால்ஸ் மட்டும்" என்று வந்துகொண்டே இருந்தன. நானும் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். எழுத்துருவை மாற்றுங்கள், தீபாவளிக்கு ஒரு போஸ்டர், ஸ்டேட்டஸில் போட ஒரு சின்ன வீடியோ என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டு பேரும் எதிராளிதான் கூடுதலாக வாங்குகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

எட்டு மாதம் கழித்துக் கடைப் பெயரோடு பை அடிக்கலாம் என்று போனால், பிரஸ்ஸில் கோரல் ஃபைல், அதாவது லோகோவை வரைந்த மூல ஃபைல் கேட்டார்கள். டிசைனரிடம் கேட்டேன். "அது தனி சார்ஜ்ங்க்கா" என்றார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் காட்டுவதற்கு என் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

பிறகுதான் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று விசாரித்தேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி, சம்பளத்துக்கு வைத்த ஆளாக இல்லாமல் வெளியாள் ஒருவர் வரைந்த லோகோவுக்குப் பொதுவாக வரைந்தவரே முதல் உரிமையாளர். காசு கொடுத்தாலும் சரி, ஜாக்கெட் கொடுத்தாலும் சரி, அதனாலேயே உரிமை நம் பக்கம் வந்துவிடாது. அவர் கையெழுத்தோடு எழுதி வாங்க வேண்டும். எழுதும்போது எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளப்படும். போட்டோவில் கதை வேறு. கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆக, போட்டோகிராஃபரிடம் வாய்ப்பேச்சோடு நின்றிருந்தாலும் படத்தின் உரிமைக்கு ஆபத்தில்லை. எழுதி வாங்கியே ஆக வேண்டிய இடத்தில்தான் நான் கூச்சப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் கடையில் வேலை செய்யும் பெண்ணுக்குப் பேராவூரணிப் பக்கம். ஆடி, ஆவணியில் ஊரில் மொய் விருந்து என்றால் லீவு கேட்பாள். அங்கே உறவுக்காரர் சாப்பிட வருவார், கறிச்சோறு போடுவார்கள், கொஞ்சல் குலாவல் எல்லாம் இருக்கும். ஆனால் மொய்யை நோட்டில் எழுதாமல் விட மாட்டார்கள். யார், எந்த ஊர், எவ்வளவு, பழையது எவ்வளவு, புதுசு எவ்வளவு என்று எல்லாம் நோட்டில் இருக்கும். என் கதையைக் கேட்டுவிட்டு, "எழுதாம எப்படிக்கா மொய் வாங்குனீங்க?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

விலை சொல்லாத மாற்றில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. என் தாத்தா காலத்தில் கிராமத்தில் முடி வெட்டுபவருக்கும் துணி வெளுப்பவருக்கும் மாதாமாதம் காசு கிடையாது. அறுவடை முடிந்ததும் களத்தில் தானியம் அளந்து போடுவார்கள். அதை ஊர் ஒற்றுமை, பழைய பண்டமாற்று என்று இப்போது பெருமையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மரக்கால் யார் கையில் இருந்தது என்று மட்டும் அவர்கள் சொல்வதில்லை. அளந்தவர் போட்டதுதான் அளவு, வாங்கியவர் குறைகிறது என்று சொல்ல முடியாது. விலை எழுதாத இடத்தில் எப்போதும் வாய் பலமில்லாதவர் உழைப்புத்தான் மலிவாகிறது. புதிதாகக் கடை போட்ட பெண் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நிற்கிறாள். தையல்தானே என்பார்கள், லோகோதானே என்று யாரும் சொல்வதில்லை.

இப்போது மாற்று என்றால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பி, எதிரில் இருப்பவர் "சரி" என்று பதில் போட்ட பிறகுதான் துணியில் கை வைப்பேன். அது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "நீங்கள் செய்வது: ஒரு நாள் போட்டோ, எடிட் செய்த 40 படம், ஒரு முறை திருத்தம். விலை 12,000. நான் செய்வது: 3 ஆரி ஜாக்கெட், பார்த்த டிசைன்படி, லைனிங்கோடு, ஒரு முறை ஆல்டர். விலை 12,000. இரண்டு பேரும் ஆடி 30க்குள் முடிக்க வேண்டும். யாராவது முடிக்காவிட்டால் மீதியைப் பணமாகக் கொடுத்துவிட வேண்டும். இதற்கு மேல் வரும் வேலை எல்லாம் தனி விலை." கடைசி இரண்டு வரி இல்லாமல் மாற்று வைக்காதீர்கள். ஒப்பந்தத்துக்குக் கைமாறு பணமாகத்தான் இருக்க வேண்டும் என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் இல்லை. ஜாக்கெட்டும் கைமாறுதான்.

வரி மட்டும் ரொக்கம்

காசு கைமாறவில்லை, அதனால் வரி இல்லை என்று நிறைய பேர் நம்புகிறார்கள். தப்பு. ஜிஎஸ்டி சட்டத்தில் விற்பனை என்பதோடு பண்டமாற்றையும் பரிமாற்றத்தையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். பணம் இல்லாத இடத்தில் வெளிச் சந்தையில் அந்த வேலைக்கு என்ன விலையோ அதுதான் மதிப்பு. வருமான வரியிலும் தொழிலில் பணத்துக்குப் பதிலாகப் பொருளாகவோ வேலையாகவோ கிடைப்பது வருமானமே.

என்னைப் போன்ற சின்னக் கடைக்கு இதனால் உடனே பெரிய பாரம் இல்லை. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவர் ஆண்டுக்கு 40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு, சேவை செய்பவருக்கு 20 லட்சம். வாடிக்கையாளர் கொண்டுவரும் துணியில் தைப்பது சேவைக் கணக்கு என்பதால் எனக்கு 20 லட்சம்தான் எல்லை. அந்த எல்லைக்குள் இருக்கிறோமா என்று பார்க்கும்போது மாற்றில் போன ஜாக்கெட்டுகளையும் கூட்ட வேண்டும்.

சிக்கல் வருவது எதிரில் இருப்பவர் ஜிஎஸ்டியில் பதிவு செய்தவராக இருந்தால். 12,000 ரூபாய் போட்டோ வேலைக்கு 18 சதவீதம் என்றால் 2,160. அவர் அரசுக்கு ஜாக்கெட் கட்ட முடியாது, பணம்தான் கட்ட வேண்டும். அந்த 2,160 யாருடையது? முன்பே பேசாவிட்டால் பில் வரும் நாளில் முகம் சுளிக்க வேண்டி வரும். அவர் தங்கைக்குப் போன ஜாக்கெட் அவருடைய தொழில் செலவும் ஆகாது, வீட்டுச் செலவுதான். வரவில் 12,000 ஏறும், செலவில் ஒன்றும் ஏறாது. மாற்று அவருக்கும் நாம் நினைக்கும் அளவுக்கு மலிவு இல்லை என்பது புரிந்தால், சில பேர் ஏன் தயங்குகிறார்கள் என்பதும் புரியும்.

கேட்கக் கூச்சப்படும் இரண்டு வழிகள்

மாற்றுக்குச் சுற்றிச் சுற்றி அலைகிறவர்கள், "ரெண்டு தவணையா குடுக்கட்டுங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்பதில்லை. எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். பாதி இப்போது, மீதி அடுத்த மாதம் பத்தாம் தேதி. ஒரு பைசா வட்டி இல்லை, ஒரு ஜாக்கெட் தைக்க வேண்டியதில்லை. தவணையில் ஒரு மரியாதை மட்டும் வேண்டும், சொன்ன தேதியில் கொடுத்துவிட வேண்டும். அது மரியாதை மட்டுமல்ல, சட்டமும்தான். உத்யமில் பதிவு செய்த குறு, சிறு தொழில்காரரிடம் வேலை வாங்கினால், எழுத்தில் எவ்வளவு நாள் பேசியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது என்கிறது 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம். எதுவும் எழுதாவிட்டால் 15 நாள்தான். நாளைக்கு நமக்குப் பாக்கி வைக்கும் பெரிய கடைக்காரரிடம் நாமே இதைக் காட்டலாம் என்பதற்காகவும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது கடன். கந்து வட்டியைச் சொல்லவில்லை, அந்தப் பக்கம் போகவே வேண்டாம். அரசின் முத்ரா கடன் திட்டத்தில் சிசு என்ற பிரிவில் ஈடு எதுவும் இல்லாமல் 50,000 வரை வங்கியில் வாங்கலாம். என் 40,000த்தை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் பன்னிரண்டு மாதத் தவணையாக எடுத்திருந்தால் மாதம் சுமார் 3,554 ரூபாய். ஆண்டு முழுவதற்கும் வட்டி சுமார் 2,650. என் ஒரு ஜாக்கெட் விலையைவிடக் குறைவு! ஐந்து பேரிடம் ஐந்து விதமாக மாற்றுப் பேசி, அவர்கள் வீட்டு அளவு ஜாக்கெட்டுகளைக் கட்டிக்கொண்டு அழுவதைவிட இது எவ்வளவோ மேல் என்று பிறகுதான் பட்டது. ஆனால் வங்கி மேனேஜர் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட மாட்டார், இரண்டு மூன்று நடை நடக்க வேண்டும். கடை திறக்கும் தேதியைக் குறித்துவிட்டுக் கடனுக்குப் போனால் நடக்காது. அத்துடன் முதல் மாதத் தவணை, ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் தேதிக்கு வந்து நிற்கும். ஆடியில் திறக்கும் கடைக்கு அது பயம்தான்.

கோபித்துக்கொள்ள முடிந்த ஆள்

நான் தொடங்காமல் விட்ட மூன்றாவது மாற்று, ஆடிட்டருடன். உண்மையில் நான் கேட்கத்தான் போனேன், அவர்தான் தடுத்தார். "ஜாக்கெட்டுக்கு நீங்க பில் போடணும், கணக்குக்கு நான் பில் போடணும், ரெண்டையும் நானே எழுதணும். மாசம் ஆயிரம் ரூபா குடுத்துட்டுப் போயிடும்மா" என்றார். சிரித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் யோசிக்க யோசிக்க அவர் சொன்னதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருப்பது தெரிந்தது.

லோகோ இரண்டு வாரம் தாமதமானால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. கணக்கு அப்படியில்லை. ஜிஎஸ்டியில் இருக்கும் கடையானால், மாதா மாதம் ரிட்டர்ன் போடுபவர் 20ஆம் தேதியைத் தவறவிட்டால் நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் ஓடத் தொடங்கும், வரிக்கு வட்டி தனி. அந்த இடத்தில் இருப்பவரைப் போனில் கூப்பிட்டு, "ஏன் சார் இன்னும் போடல?" என்று குரலை உயர்த்திக் கேட்க முடிய வேண்டும். அவர் மனைவியின் ஜாக்கெட் என் ஸ்டாண்டில் பாதியில் கிடக்கும்போது அப்படிக் கேட்க முடியுமா? அவரும் மாற்று வாடிக்கையாளரைக் கடைசியில்தான் கவனிப்பார். வைகாசியில் நானே அப்படித்தான் செய்வேன், காசு கொடுத்தவர் துணிதான் முதலில் ஸ்டாண்டில் ஏறும். மாதா மாதம் வரும் வேலையில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு வீட்டில் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு என்ன தைத்துக்கொண்டே இருப்பது? ஆறாவது மாதம் அவர்களுக்கு வேண்டாம், ஆனால் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

வக்கீலிடமும் ரொக்கம்தான் கொடுத்தேன். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. கடைக்கே அடிப்படையான காகிதம் அது. அட்வான்ஸைத் திருப்பித் தருவது, காலி செய்யச் சொல்லும் கால அவகாசம் ஆகியவற்றைப் பற்றி மூன்று முறை திரும்பத் திரும்பக் கேட்டேன். மூன்றாயிரம் கொடுத்திருந்ததால் கூச்சமில்லாமல் கேட்டேன்.

அந்த டைரிப் பக்கத்தை இப்போது திரும்ப எழுதினால் இப்படி எழுதுவேன். வக்கீலுக்கு 3,000, ரொக்கம். ஆடிட்டருக்கு மாதம் ஆயிரம், ரொக்கம். எலக்ட்ரீஷியனுக்கு இரண்டு தவணை. போட்டோவுக்கு மாற்று, அதுவும் ஆடி என்பதால். லோகோவுக்கு எழுதி வைத்த பாதி மாற்று, அதாவது ஒரு ஜாக்கெட்டும் 4,000 ரூபாயும், கோரல் ஃபைலும் உரிமை எழுதிய காகிதமும் கைக்கு வந்த பிறகு. முதல் மாதம் கையிலிருந்து போகும் ரொக்கம் 3,000, 1,000, 2,500, 4,000, அதோடு ஆரிச் சாமான் 2,800. மொத்தம் 13,300. என்னிடம் இருந்தது 11,000. துண்டு விழும் 2,300க்கு அம்மாவிடம் கைமாற்று வாங்கியிருப்பேன். அம்மாவிடம் நோட்டு எழுதுவதா வேண்டாமா என்று கேட்காதீர்கள், அவர் எழுதித்தான் வைப்பார்.

போன வாரம் ஒரு தம்பி கடைக்கு வந்தார். வெப்சைட் செய்கிறாராம். "அக்காவுக்குத் தையில கல்யாணம், அஞ்சு ஜாக்கெட் தச்சுக் குடுங்க, நான் சைட் போட்டுத் தர்றேன்" என்றார். காசாகக் கொடுத்தால் எவ்வளவு என்று முதலில் கேட்டேன். பதினெட்டாயிரம் என்றார். இது புரட்டாசி, ஆனால் ஐப்பசி முகூர்த்தத்துக்கு ஏழு ஜாக்கெட் ஏற்கெனவே காத்திருக்கிறது, தைக்கு இப்போதே அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. "ஜாக்கெட்டுக்கு அக்காவையே வரச் சொல்லுங்க தம்பி, அளவு எடுத்துக்கிறேன். சைட்டுக்குப் பணமாவே தர்றேன், மூணு தவணையா" என்றேன். யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார்.